200 மணி நேரத்தை எங்கே பறப்பது?

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரச் சொல்லும் புதிய விதிகளுக்கு ஏற்ற ஆள்பலத்தை அந்த நிறுவனம் தயார் செய்து வைக்கவில்லை. தொலைக்காட்சிகளில் ‘பைலட் பற்றாக்குறை’ என்ற செய்தி நாள் முழுக்க ஓடியது. விமான நிலையத்தில் சிக்கியவர்களுக்கு அது எரிச்சலூட்டும் செய்தி. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் சில வீடுகளிலோ, நிலத்தை விற்றாவது பையனை, பெண்ணைப் பைலட் ஆக்கிவிடலாமா என்ற பேச்சைக் கிளப்பிவிட்ட செய்தி.

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. அத்தனை விமானங்களையும் ஓட்ட ஆள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், நிறுவனங்கள் வலைவீசித் தேடுவது பெரும்பாலும் கேப்டன்களை. அவர்களுக்கு வேண்டிய ஏ.டி.பி.எல். எனப்படும் உயர்நிலை உரிமத்தின் குறைந்தபட்சப் பறக்கும் நேரம் 1,500 மணி. ஃப்ளையிங் ஸ்கூலில் 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல்., வாங்கி வெளியே வருபவர் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார். ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட அவர் தனியாக ‘டைப் ரேட்டிங்’ பெற வேண்டும். நிறுவனத் தேர்வு, நேர்காணல், சிமுலேட்டர் சோதனை எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் காத்திருக்கும். 2023-ல் மட்டும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. 1,622 பேருக்கு சி.பி.எல். வழங்கியது. ‘நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆசை குறையாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. எந்தப் பள்ளியில் சேர்வது என்ற முடிவு, பைலட் ஆவதா வேண்டாமா என்ற முடிவைவிடச் சிக்கலானது. நம் ஊரில் பைலட் ஆகும் முடிவைப் பல வருடம் யோசித்து எடுப்பவர்கள், பள்ளியைப் பற்றிய முடிவை ஒரு ஏஜென்ட்டின் ஏ.சி. அறையில் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

பணம் கட்டும் முன்

பள்ளியைத் தேடும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலைகள் சில உண்டு. முதலாவது மருத்துவச் சோதனை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, பிறகு பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் கிளாஸ் 1. நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை பலருக்கு இங்குதான் முதன்முதலாகத் தெரியவரும். முன்பணம் கட்டிவிட்டு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறுகிறார்கள்.

அடுத்தது தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று டி.ஜி.சி.ஏ. தாள்கள் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றை வீட்டிலிருந்தே படித்து முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவர், அங்கே போய்ப் பறக்க மட்டும் செய்வார். மற்றவர்கள் விடுதி வாடகை கட்டிக்கொண்டு வானிலைப் பாடம் படிப்பார்கள். தாள்களில் ஒன்றிரண்டையாவது தேறாமல் எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்ட வேண்டாம் என்பேன். பிள்ளைக்கு இந்தத் தொழில் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பதும் அந்தப் படிப்பிலேயே தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுங்கள்

சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அந்த நூறுக்குள் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பயணம்; அவற்றில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாத, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கிச் செல்லும் நெடும்பயணம். இரவில் 5 மணி நேரம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம். எல்லாப் பள்ளிகளின் கையேட்டிலும் இதுவே இருக்கும். ஏனென்றால் இது டி.ஜி.சி.ஏ. விதி. பள்ளிக்குப் பள்ளி மாறுவது, இதை முடிக்க ஆகும் காலம்.

ஒரு பள்ளியில் 100 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேவை 20,000 மணி நேரம். பள்ளியிடம் 12 விமானங்கள், அவற்றில் சராசரியாக 8 பறக்கும் நிலையில் உள்ளன. ஒவ்வொன்றும் மாதம் 60 மணி நேரம் பறக்கிறது. மாதத்துக்கு 480 மணி. வகுத்துப் பாருங்கள்: நாற்பது மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றரை வருடம் என்று சொல்லிச் சேர்த்தவர்களுக்கு மூன்றரை வருடம். பள்ளியின் முகப்பில் எத்தனை விமானங்களின் படம் இருக்கிறது என்பதால் எதுவும் ஆகப்போவதில்லை. இன்று காலை எத்தனை ஓடுபாதைக்குப் போயின என்று கேட்க வேண்டும். பயிற்சி விமானங்கள் 50 மணி, 100 மணி என்று பறந்ததும் பராமரிப்புக்காக ஹேங்கருக்குள் போயாக வேண்டும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை மாதக்கணக்கில் ஒதுங்கி நிற்பவையும் உண்டு. ஒப்புக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் விமானத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டயரில் காற்று இருக்கிறதா, புரொப்பெல்லரில் தூசி படிந்திருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அதனால்தான், சேரும் முன் ஒரு முறையாவது நேரில் போய் வாருங்கள் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டாம். வார நாளில், விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போங்கள். யார், எந்த விமானத்தில், எந்தப் பயிற்றுநருடன், எத்தனை மணிக்கு என்று எழுதிய பலகை இருக்கும். வானம் தெளிவாக இருந்தும் பலகை காலியாக இருந்தால், மாணவர்கள் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தால், வந்த வழியே திரும்பிவிடலாம். மேலாளரிடம் பேசும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் பேசுங்கள். ‘சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு தம்பி, எத்தனை ஹவர்ஸ் முடிச்சிருக்கீங்க?’ இந்த ஒரு கேள்வி போதும். பத்துப் பேரிடம் கேட்டுச் சராசரி எடுத்தால், அது எந்தக் கையேட்டிலும் கிடைக்காத தகவல்.

பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பதும் இதே கணக்கில் வரும். இந்தத் துறையில் ஒரு வினோதம் உண்டு. பயிற்றுநர்களில் பலர் தாங்களே விமான நிறுவன வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்கினால் பள்ளிகள் காலியாகும். பாதிப் பயிற்சியில் குரு மாறினால், புதியவர் மாணவனை மீண்டும் ஒரு முறை சோதித்துப் பார்ப்பார். அந்த மணி நேரங்களும் உங்கள் பணம்தான். தலைமைப் பயிற்றுநரான சி.எஃப்.ஐ. எத்தனை வருடமாக அதே பள்ளியில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். வருடத்துக்கு ஒருவர் மாறியிருந்தால், அங்கே என்னவோ சரியில்லை.

அரசின் ரேங்க் பட்டியல்

பெற்றோருக்கு இப்போது ஒரு கூடுதல் வசதி. 2025 அக்டோபரிலிருந்து டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும். விமானங்களின் எண்ணிக்கை, மாணவர் விகிதம், பாதுகாப்பு வரலாறு, மாணவர்கள் படிப்பை முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் போன்றவை அளவுகோல்கள். முதல் பட்டியலில் ஏ பிளஸ், ஏ ஆகிய இரண்டு மேல் தரங்களிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. எல்லாம் பி, சி. ரேங்க் கார்டில் முதல் இரண்டு இடத்தையும் யாருக்கும் கொடுக்காத வாத்தியாரைப் போல டி.ஜி.சி.ஏ. கறாராக நடந்துகொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால், இந்தப் பட்டியலை வடிகட்டியாகப் பயன்படுத்தலாம், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மாதத்தில் ஒரு பள்ளி ஐந்து விமானங்களை இழக்கலாம், அல்லது ஐந்தை வாங்கலாம்.

பாதுகாப்பு வரலாற்றை நீங்களே தேடிப் படியுங்கள். 2023 அக்டோபரில் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் சில நாள் இடைவெளியில் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளாயின. அந்தப் பள்ளியின் பயிற்சியை டி.ஜி.சி.ஏ. நிறுத்தி வைத்தது. அப்படி நிறுத்தப்படும்போது மாணவரின் நாட்களும் நின்றுபோகின்றன. விடுதிச் செலவு நிற்பதில்லை.

இன்னொரு பழைய கதையும் உண்டு. 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழில் விமானி உரிமம் பெற்றவர்கள் பிடிபட்டபோது, விசாரணை ஃப்ளையிங் ஸ்கூல்களுக்கும் நீண்டது. ராஜஸ்தான் அரசின் பறக்கும் பள்ளியில், பறக்காத நேரத்தைப் பறந்ததாக லாக்புக்கில் எழுதிக் கொடுத்ததாக ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் போட்டுப் பலரைக் கைது செய்தது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், அந்த அட்ஜஸ்ட்மென்ட்டுக்கான விலையைக் கொடுக்கப்போவது கையெழுத்துப் போட்ட மாணவர்தான்.

வானமும் ஓடுபாதையும்

வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி. மேற்கிலும் மத்திய இந்தியாவிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கண்ணால் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்குப் பொதுவாக ஐந்து கிலோமீட்டராவது தெரிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஊரிலும் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் கைவிட்டுப் போகும். எந்த மாதம் சேர்கிறோம் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

2021-ல் விமான நிலைய ஆணையம் பெலகாவி, ஜல்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி ஆகிய இடங்களைப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டது. அடுத்த சுற்றில் சேலம், கடப்பா, ஹூப்ளி, பவநகர், கிஷன்கர் வந்தன. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் பயிற்சி தொடங்கியதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாட்டுத் தொலைவில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அருகில் இருப்பது வசதிதான். அதை மட்டும் காரணமாக வைத்துத் தேர்வு செய்ய வேண்டாம்.

பயணிகள் விமானம் அடிக்கடி வந்துபோகும் நிலையத்தில் பயிற்சி விமானம் ஓடுபாதைக்கு வெளியே காத்துக் கிடக்கும். விமானம் தன் இன்ஜினில் நகரத் தொடங்கியது முதல் மீண்டும் நிற்கும்வரை பறக்கும் நேரமாகவே பதிவாகும் என்பதால், இருபது நிமிடக் காத்திருப்புக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும். ஆளரவமில்லாத சின்ன ஓடுபாதையில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசிப் பழகும் வாய்ப்பும், கருவி வழித் தரையிறக்க வசதியும் பெரும்பாலும் இருக்காது. இரண்டுக்கும் போய்வரும் பள்ளி கிடைத்தால் நல்லது.

மேகத்துக்குள் 178 விநாடி

பெற்றோரும் மாணவரும் மிகக் குறைவாகக் கேள்வி கேட்பது, கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பற்றித்தான். கையேட்டில் ‘சி.பி.எல். + ஐ.ஆர்.’ என்று ஒரு கூட்டல் குறியோடு முடிந்துவிடும் விஷயம் அது. பள்ளியின் சாயம் வெளுத்துப்போவது அங்கேதான்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம்தான் நாம் திரும்புகிறோமா என்பதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழலத் தொடங்கி, உணர்வு நின்றுவிடும். சாய்ந்து போகும் விமானம் நேராகப் போவதாக உடம்பு சத்தியம் செய்யும். அதை நேராக்கினால், மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக அலறும். அடிவானம் கண்ணுக்குத் தெரியும்வரை கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்துக்குள், அல்லது நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலே, திருத்த ஆளில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 இரவு தன் சிறு விமானத்தை ஓட்டிச் சென்று, மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் கடலில் விழுந்து இறந்தது இப்படித்தான். இன்ஸ்ட்ருமென்ட் படிப்பைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை.

இந்தியாவில் இந்த ரேட்டிங்குக்கு 40 மணி நேரக் கருவிப் பறத்தல் வேண்டும். அதில் 20 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம். கூடவே, பொறுப்பு விமானியாக 50 மணி நேர ஊர்விட்டு ஊர்ப் பயணம். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில், தலையில் ‘ஹூட்’ மாட்டி, மாணவர் கருவிப் பலகையை மட்டும் பார்க்கும்படி செய்து பயிற்சி நடக்கும். நல்ல பயிற்றுநர் நடுவில் ஒரு கருவியை மறைத்துவிடுவார். மீதியை வைத்துச் சமாளிக்கச் சொல்வார். ரேடியோவில் வழியை மாற்றச் சொல்வார். வட்டமடித்துக் காத்திருக்கும் ‘ஹோல்டிங்’ பாதைக்குள் பக்கக் காற்றைக் கணக்கிட்டு நுழையச் சொல்வார். சோம்பேறிப் பள்ளியில், ஹூட் மாட்டிய மாணவர் நாற்பது மணி நேரமும் நேராகப் பறந்துவிட்டு இறங்குவார். லாக்புக்கில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் சோதனையில் முதல் பத்து நிமிடத்தில் வித்தியாசம் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே கேளுங்கள். ஐ.எல்.எஸ். எனப்படும் கருவி வழித் தரையிறக்கத்தை உண்மையில் எந்த விமான நிலையத்தில் பழகுகிறார்கள்? அது பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம்? ஓடுபாதையை நெருங்கி இறங்கும் அந்த ‘அப்ரோச்’சை ஒரு மாணவர் மொத்தம் எத்தனை முறை செய்கிறார்? சிமுலேட்டருக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? சிமுலேட்டரில் முதலில் பழகி, பிறகு விமானத்தில் ஏறுவதே சரியான வரிசை. விமானம் இல்லாத நாளில் பொழுதைத் தள்ள சிமுலேட்டரில் உட்காரவைக்கும் பள்ளியை நம்ப வேண்டாம்.

விமான ரகத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. செஸ்னா 172, டயமண்ட் டி.ஏ.40 இரண்டும் நல்ல பயிற்சி விமானங்களே. பழைய கடிகார முகக் கருவிகளா, டிஜிட்டல் திரையா என்ற விவாதத்தில் நிறைய பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் ஓட்டும் இரட்டை இன்ஜின் விமானம் பள்ளியிடமே சொந்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத்தை முடிக்க வேறு ஊரில் வரிசையில் நிற்க நேரும்.

அமெரிக்காவா, இங்கேயா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா, டெக்சாஸ், அரிசோனா பள்ளிகளில் நம் பிள்ளைகள் நிறைய பேர் படிக்கிறார்கள். ஈர்ப்புக்குக் காரணம் எளிது: விமானங்கள் அதிகம், பறக்கும் நாட்கள் அதிகம், ஓடுபாதைகள் அதிகம். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் முடித்துத் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே இரண்டு வகைப் பள்ளிகள் உண்டு. ‘பார்ட் 141’ என்பது பாடத்திட்டத்துக்கு அரசின் ஒப்புதல் பெற்றது, அதில் சி.பி.எல்.லுக்கு 190 மணி நேரம் போதும். ‘பார்ட் 61’ தளர்வானது, 250 மணி. மாணவர் விசாவில் வெளிநாட்டவரைச் சேர்க்கும் அனுமதி எல்லாப் பள்ளிக்கும் இல்லை. 190 மணியில் முடித்தால் செலவு மிச்சம் என்று மகிழ வேண்டாம். இங்கே 200 வேண்டும். தேர்வு நடத்தும் அதிகாரியின் தேதி கிடைக்கக் காத்திருப்பது அங்கேயும் பெரிய தலைவலி.

ஊர் திரும்பிய பின் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும் வேலை தொடங்கும். டி.ஜி.சி.ஏ. தேர்வுகள், மருத்துவச் சான்று, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, இங்கே மீண்டும் சில பறத்தல் சோதனைகள். ஏஜென்ட் சொன்ன ‘ஒரு வருடம்’ என்ற கணக்கில் இந்த மாதங்கள் இருக்காது.

வெளிநாடு என்றாலே நம்பகம் என்று நினைப்பவர்கள் சில்வர் ஸ்டேட் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ், வங்கிக் கடன் வழியாக முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கி மாணவர்களைச் சேர்த்தது. 2008 பிப்ரவரி 3 அன்று திடீரென்று கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் உரிமமும் இல்லாமல், கடனோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

பணம் கட்டும் முறையில் இதிலிருந்து ஒரே விதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும்: பறக்கப் பறக்கக் கட்டுவது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தவணை என்ற அளவில் ஒத்துக்கொள்ளும் பள்ளி, தன் விமானங்கள் மேல் நம்பிக்கை உள்ள பள்ளி. இந்தியாவில் இன்று மொத்தச் செலவு அரைக் கோடியைச் சுற்றி நிற்கிறது. டைப் ரேட்டிங் தனி. ‘இன்றே முழுத் தொகையும் கட்டினால் ஐந்து லட்சம் தள்ளுபடி’ என்பவர்களிடம் அந்த ஐந்து லட்சத்தை விட்டுக்கொடுத்துவிடலாம். எழுத்தில் வாங்க வேண்டியவை: பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், எரிபொருள் விலை ஏறினால் யார் பொறுப்பு, 200 மணியில் சோதனை தேறாவிட்டால் கூடுதல் மணிக்கு என்ன கட்டணம், பள்ளியின் அங்கீகாரம் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும். பள்ளி மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். இந்தியாவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் ஆயுள் ஒரு வருடம். வேலை கிடைக்கத் தாமதமானால், ஒவ்வொரு வருடமும் விமானம் எடுத்துப் பறந்து, சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். கிளாஸ் 1 மருத்துவமும் அப்படியே. படித்து முடித்த பழைய மாணவருக்கு அதே பள்ளி புதுப்பித்தல் மணிக்கு எவ்வளவு வாங்குகிறது, தேதி கொடுக்க எத்தனை வாரம் எடுத்துக்கொள்கிறது என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுவிடலாம். எழுதிக் கொடுத்தபடி நடக்கிறதா என்பதற்கான பதில் மட்டும் பள்ளி அலுவலகத்தில் கிடைக்காது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே முடித்துவிட்டு இன்னும் வேலைக்குக் காத்திருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணை, டீக்கடையில் பார்த்த அந்த மாணவர்களே கொடுப்பார்கள்.